பதினான்கு பக்க ஆட்சேபணை

நகலக்காவின் வீட்டில் நான்கு நாற்காலிகள் உண்டு; உட்காரத் தக்கது ஒன்றே. மற்ற மூன்றிலும் கோப்புகள் அமர்ந்திருந்தன. விருந்தாளி ஒருவர் வந்தால் நகலக்கா நிற்பாள். இருவர் வந்தால் ஒருவர் கட்டிலுக்குப் போக வேண்டும். மூவர் வந்ததாகப் பதிவு இல்லை.

அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தின் நிலவறையில், பழைய ஆவணங்களைக் காப்பவள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். எந்தத் தாளையும் நகலெடுக்காமல் கையைவிட்டுப் போக விடுவதில்லை என்பதால் அலுவலகம் முழுதும் அவளை நகலக்கா என்றே அழைத்தது. “சாயங்காலம் வருவேன், சாவியை வாங்கி வை” என்று பக்கத்து வீட்டுக்காரி எழுதிச் செருகிய துண்டுச் சீட்டுக்கும் அவளிடம் கோப்பு எண் உண்டு.

இது பிறவிக் குணம் அன்று. ஓர் ஏணியால் வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவள் அதே அலுவலகத்தின் பொருள் கிடங்கில் இருந்தாள். எட்டுப் படி கொண்ட அலுமினிய ஏணி ஒன்றை மேல்மாடிக்குக் கொடுத்து, முறையாக ரசீதும் பெற்றிருந்தாள். மேலாளர் அந்த ரசீதை, “பாத்துட்டுத் தரேம்மா” என்று வாங்கிக்கொண்டார். பார்த்தாரோ இல்லையோ, தரவில்லை. கணக்கெடுப்பில் ஏணி இல்லை, ரசீது இல்லை, நகலும் இல்லை. “கவனக்குறைவால் அரசுப் பொருள் இழப்பு” என்ற ஒற்றை வரியோடு அவள் நிலவறைக்கு மாற்றப்பட்டாள். நான்கு மாதம் கழித்து, மேலாளரின் அறைக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் சுவரில் சாய்ந்து, நல்ல உறக்கத்தில் இருப்பதுபோல், ஏணி நின்றது.

“அதான் ஏணி கெடச்சிடுச்சேம்மா, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர்.

ஏணி கிடைத்தது, அந்த ஒற்றை வரி போகவில்லை. மேலாளர் ஓய்வுபெற்றும் போய்விட்டார். எழுதச் சோம்பல்படுவார் என்று எண்ணி, அவர் எழுத வேண்டிய வருத்தக் கடிதத்தை நகலக்காவே எழுதி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து, தபால்தலை ஒட்டிய உறையோடு ஆண்டுதோறும் அனுப்பி வந்தாள். பதினோரு நினைவூட்டல்கள் போயின. புள்ளி புள்ளியாகவே இருந்தது.

இத்தகைய ஒருத்திக்கு உலகத்தில் ஒரே ஒரு தோழிதான் இருக்க முடியும், இருந்தாள். ஏழு வயதில் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டதிலிருந்து பிரியாதவள். சன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில்; ஆகவே ஊருக்கு அவள் திரைக்காரி. பதின்மூன்று வயதில் பள்ளிக்கு வந்த மருத்துவர் வரிசையாகப் பிள்ளைகளைக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தபோது, திரைக்காரியின் முதுகில் வலப்பக்கம் மட்டும் மேடு தட்டியிருந்தது. முதுகெலும்பு நேரே இறங்காமல், ஆறுபோல் வளைந்து இறங்கியது. இரண்டு ஆண்டு கவசம் போட்டார்கள். வகுப்புப் பையன்கள் அந்தக் கவசத்தைக் கதவுபோல் தட்டி, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்பார்கள். “வெளிய போயிருக்காங்க, நாளைக்கு வாங்க” என்பாள் அவள். கடவுள் தன்னைக் கோடு போடாத தாளில் எழுதிவிட்டார் என்பது அவளுடைய நிரந்தர விளக்கம்.

வளைவு கவசத்துக்குச் சிலகாலம் அடங்கியிருந்தது, பிறகு அடங்கவில்லை. ஆண்டுக்கு ஒரு பாகை, இரண்டு பாகை என்று ஏறி, நாற்பத்தொரு வயதில் எழுபதைத் தொட்டது. இரண்டு மாடி ஏறினால் பத்து மாடி ஏறியவள்போல் மூச்சு இளைத்தாள். இவ்வளவிலும் ஒரு விந்தை: அவள் மாட்டிய திரை ஒரு நூலிழைகூடச் சாய்ந்ததில்லை. தன் சட்டைக்கு மட்டும் வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் கூட்டித் தைத்துக்கொள்வாள். “எல்லா வீட்டு சன்னலும் நேரா இருக்கு, நான் ஒருத்திதான் கோணல். அதனால அளவு எடுக்கறது சுலபம்” என்பாள்.

முதுகெலும்பு அறுவை மருத்துவர் பேச்சில் சிக்கனமான பெண்மணி. இரண்டு கம்பி, இருபத்திரண்டு திருகாணி, ஏழு மணி நேரம் என்று மரச்சாமான் கடைக்காரர்போல் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது மாதம் நின்றபின் ஒரு வியாழக்கிழமை ஒதுக்கப்பட்டது.

“இந்தத் தேதிய விட்டுட்டா அடுத்தது எட்டு மாசம் ஆகும்” என்றார் மருத்துவர். “மூச்சு அளவு இப்பவே குறைஞ்சிட்டு வருது. இன்னும் குறைஞ்சா ஆபரேஷன் பண்ண நானே யோசிப்பேன்.”

அப்போது அறையில் ‘டப்’ என்று ஓர் ஓசை எழுந்தது. திரைக்காரியின் கணவர் வலக்காலால் தரையை மிதித்த ஓசை அது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பத்தொன்பது ஆண்டுகளாக, ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து உயிர் தப்பி வந்தவர். பயம் வந்தால், எதிரே கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கால் தானாக மிதிக்கும்.

வெளியே வந்ததும் திரைக்காரி வேலைகளைப் பிரித்தாள். “நகலு, நீ பேப்பரப் பாத்துக்கோ. அவர் என்னப் பாத்துக்கட்டும். பயத்த நான் பாத்துக்கறேன்.”

பேப்பரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது நகலக்காவிடம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரே வாரத்தில் நான்கு நிறத்தில் நான்கு கோப்புகள் பிறந்தன: இரத்தப் பரிசோதனைக்குச் சிவப்பு, மூச்சுப் பரிசோதனைக்கு நீலம், எக்ஸ்ரே படங்களுக்குக் கறுப்பு, கடிதப் போக்குவரத்துக்குப் பழுப்பு. மருத்துவரிடம் கேட்க நாற்பத்து மூன்று கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோனாள். மருத்துவர் ஒன்பதுக்கு விடை சொன்னார். மீதி முப்பத்து நான்கும் “நிலுவை” என்ற தலைப்பில் பழுப்புக் கோப்புக்குப் போயின.

அதோடு நில்லாமல், எக்ஸ்ரே படங்களைப் படிக்கும் முறைபற்றிய தடித்த புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து தானே கற்றாள். யாரிடமும் கேட்டுக் கற்பது அவள் வழக்கமன்று. கேட்டால் சொல்வார்கள், சொன்னதற்கு ரசீது தரமாட்டார்கள். புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு விதி இருந்தது: எக்ஸ்ரே படத்தை, நோயாளி நம்மை நோக்கி நிற்பதாகக் கொண்டு பார்க்க வேண்டும், ஆகவே படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். நகலக்கா இதற்குச் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்தாள், தன் குறிப்பேட்டில்தான். நூலகப் புத்தகத்தில் கோடிடும் ஆள் அல்லள். அந்த விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது எட்டாம் அத்தியாயத்தில் இருந்தது. நூலகத் தவணை ஏழாம் அத்தியாயத்தோடு முடிந்தது. தவணை தவறுவது நகலக்காவின் பரம்பரையிலேயே கிடையாது.

அறுவைக்குப் பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, மருத்துவர் இவர்களை அழைத்து ஒளிப்பெட்டியில் படத்தை மாட்டி, எங்கெங்கே திருகாணி என்று பேனாவால் காட்டினார். கணவர் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒருமுறை பிரேக் மிதித்தார். நகலக்காவோ படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவு படத்தின் வலப்பக்கம் புடைத்திருந்தது. விதிப்படி பார்த்தால் அது தோழியின் இடப்பக்கம். ஆனால் தோழியின் மேடு வலப்பக்கம் என்பதற்கு நகலக்காவே கண்கண்ட சாட்சி. பெஞ்சில் அவளுக்கு வலப்புறம் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் இடிபட்டவள். போதாததற்கு, படத்தின் மூலையில் இருந்த குறியெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது.

படத்தைப் புரட்டி மாட்டியிருக்கிறார்கள்! புரட்டி மாட்டிய படத்தைப் பார்த்து எதிர்ப்பக்கத்தில் திருகப் போகிறார்கள்!

ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. வாயால் சொன்னதற்கு என்ன மதிப்பு என்பதை ஏணி கற்றுக்கொடுத்திருந்தது. தோழியிடமும் சொல்லவில்லை, கத்திக்குப் போகிறவளைக் கலவரப்படுத்துவானேன்? செவ்வாய், புதன், வியாழன் மூன்று மாலைகளில் பதினான்கு பக்க ஆட்சேபணை ஒன்றைக் கட்டி முடித்தாள். நாற்பத்தெட்டுப் பத்திகள், ஆறு இணைப்புகள், ஒரு வரைபடம். முப்பத்தோராம் பத்தியில், மருத்துவமனையின் விதிப்புத்தகத்தையே மேற்கோள் காட்டினாள்: அறுவை செய்யும் பக்கத்தைக் குறித்து எவரேனும் எழுத்து மூலம் ஐயம் தெரிவித்தால், விசாரணை முடியும்வரை அந்த அறுவை நிறுத்தி வைக்கப்பட வேண்டும். விதிப்புத்தகத்தை மருத்துவமனை ஊழியர்களே படித்திருக்க மாட்டார்கள், நகலக்கா படித்திருந்தாள். வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் அலுவலகத்தில் ஐந்து பிரதிகள் கொடுத்து, ஆறாவதில் முத்திரை வாங்கிக்கொண்டு, ஓர் உயிரைக் காத்த நிறைவோடு பேருந்து ஏறினாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஏழு அத்தியாயம் படித்தவளைப்பற்றிப் பழமொழி எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நிலவறையில் தொலைபேசி ஒலித்தது. தோழிதான்.

“ஏண்டி நகலு, விஷயம் கேட்டியா? என் ஆபரேஷன நிறுத்தி வெச்சுட்டாங்களாம்!”

“என்னது?”

“இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. எவளோ ஒரு பைத்தியக்காரி, டாக்டர் பக்கம் மாத்திப் பண்ணப் போறார்னு பதினாலு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்காளாம். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சரியாகலன்னா தேதிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். நீ உடனே கெளம்பி வா. யாருன்னு கண்டுபிடிச்சு, பதினஞ்சு பக்கம் எழுதி அவள ஒழிச்சுக் கட்டுடி!”

நிலவறைக் குழாயில் நீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“நகலு? இருக்கியா?”

“இருக்கேன்... படம் எல்லாம் போட்டு எழுதியிருந்தாங்களாமா?”



“அடிப்பாவி” என்றாள் திரைக்காரி.

நுணலும் தன் வாயால் கெடும். நகலக்கா வாயைத் திறக்காமலேயே கெட்டவள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் மருத்துவர் முன் நின்றார்கள். வரும் வழியில் நகலக்கா, “நான் சொன்னது சரின்னா உன் உயிரக் காப்பாத்துனேன்னு அர்த்தம்” என்று ஒருமுறை சொன்னாள். கணவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் மெய்யாகவே பிரேக் மிதித்தார்.

மருத்துவரின் மேசையில் பதினான்கு பக்கமும் விரிந்திருந்தன. ஓரங்களில் மருத்துவர் பென்சிலால் ஏதோ குறித்திருந்தார். கோபித்ததாகத் தெரியவில்லை, கோபிக்கவும் சொற்கள் வேண்டுமே.

“வரைபடம் நல்லா இருக்கு. இங்க வாங்க” என்று நகலக்காவை அழைத்தார். திரைக்காரியைத் திருப்பி, முதுகைக் காட்டி, ஒளிப்பெட்டியின் பக்கத்தில் நிறுத்தினார். “இவங்க முதுகுல மேடு எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“படத்துல?”

நகலக்கா பார்த்தாள். முதுகைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மேட்டுக்கு நேரே மேடு, பள்ளத்துக்கு நேரே பள்ளம். கண்ணாடியும் முகமும்போல் அல்ல, அச்சும் நகலும்போல் பொருந்தின.

“மத்த எக்ஸ்ரேவ எல்லாம் முன்னாடி இருந்து பாக்கற மாதிரி மாட்டுவோம். நீங்க படிச்சது சரிதான். முதுகெலும்ப மட்டும் நாங்க பின்னாடி இருந்து பாக்கற மாதிரி மாட்டுவோம்” என்றார் மருத்துவர். பிறகு அன்றைய பேச்சு ஒதுக்கீட்டையெல்லாம் ஒரே வாக்கியத்தில் செலவழித்தார்: “ஏம்மா, நான் இவங்க மூஞ்சியிலயா ஆபரேஷன் பண்ணப் போறேன்?”

திரைக்காரி சுவரைப் பார்த்தபடி நின்றதால் முகம் தெரியவில்லை. ஆனால் முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நகலக்காவுக்குத் தெரியவில்லை. அந்த முதுகின் எக்ஸ்ரேவைப் படிக்கத் தெரியாதவள் முதுகை மட்டும் எப்படிப் படிப்பாள்?

அடுத்தது தேதி மேசை. அறுவைத் தேதிகளைக் கொடுப்பதும் பறிப்பதும் அங்கிருந்த நர்ஸின் வேலை. நிறுத்துவதற்கு ஒரு தாள் போதுமாயிருந்தது. நிறுத்தியதை ஓட்டுவதற்கு விதி கடுமையாக இருந்தது.

“கம்ப்ளெயின்ட்ட சும்மா வாபஸ் வாங்க முடியாது மேடம்” என்றார் நர்ஸ். “ஆஸ்பத்திரி மிரட்டி வாபஸ் வாங்கிட்டதா ஆயிடும். சந்தேகம் எப்படி வந்துச்சு, அது தப்புன்னு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும். ரெண்டு மணிக்குக் கமிட்டி கூடுது. பன்னெண்டுக்குள்ள குடுத்தா அதுல வெக்கலாம். இந்த விதியெல்லாம் உங்களுக்குத் தெரியுமே? முப்பத்தொண்ணாவது பத்தியில நீங்களே எழுதியிருக்கீங்க.”

மணி பத்தே முக்கால். நகலக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளை மடியில் வைத்தாள். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த கை, வரி வரவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றைக் கொண்டுபோனாள்.

நர்ஸ் வாசித்தார். “‘தவறு நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு...’ மேடம், இதுல யாரு தப்புப் பண்ணாங்கன்னே தெரியலையே?”

இரண்டாவது பதினொன்றரைக்குத் தயாரானது.

“‘நூலகத் தவணை முறையின் போதாமையால்...’ மேடம், இது நூலகத்து மேல கம்ப்ளெயின்ட் மாதிரில்ல இருக்கு? சிம்பிளா எழுதுங்க. தப்பு என்னுதுன்னு. ரெண்டே வார்த்தை.”

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நகலக்கா பதினோரு ஆண்டு காத்திருந்தாள், இன்னொருவர் கையிலிருந்து. அவை எவ்வளவு எளியவை, எழுத எவ்வளவு சிறிய நேரம் ஆகும், இதைக்கூடவா ஒரு மனிதர் எழுத மாட்டார் என்று பதினோரு நினைவூட்டல்களிலும் வியந்திருந்தாள். இப்போது பேனா அந்த இடத்துக்கு வந்ததும், வண்டிமாடு பாலத்தைக் கண்டதுபோல் நின்றுகொண்டது.

தோழி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்தடி தூரத்துக்கே மூச்சு வாங்கியது. வழக்கம்போல் நகலக்கா வலப்புறம், அவள் இடப்புறம். விலா மேடு நகலக்காவின் தோளில் இடித்தது.

“திட்டுடி. திட்டிட்டாவது போ” என்றாள் நகலக்கா.

“திட்டறதுக்கு மூச்சு இல்ல. ஆபரேஷன் முடிஞ்சதும் மொத்தமாத் திட்டறேன், நெலுவையில போட்டுக்கோ.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நகலு, ஒண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்காத. நேத்து நிறுத்திட்டாங்கன்னு போன்ல சொன்னப்போ, ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி.”

நகலக்கா திரும்பிப் பார்த்தாள்.

“அப்பாடான்னு இருந்துச்சு. அதுலதான் எனக்கு பயமே. இன்னொரு எட்டு மாசம் குடுத்தா நான் ஓடிப் போயிடுவேன். அப்புறம் எவ கூப்பிட்டாலும் வர மாட்டேன். மூச்சு நிக்கற வரைக்கும் ஜோக் அடிச்சுட்டுத் திரைய மாட்டிட்டிருப்பேன். இந்த வியாழக்கிழமைதான்டி எனக்கு. இதுக்குத்தான் தைரியத்த அளந்து வெட்டி வெச்சிருக்கேன். மிச்சத் துணி இல்ல.”

எதிர்ப்பெஞ்சில் ‘டப்’ என்றது. கணவருக்கும் இது புதுச் செய்தி.

நகலக்கா எழுந்தாள். எங்கு போனாலும் தூக்கிப் போகும் தோள்பையைத் திறந்து, நான்கு நிறத்திலும் சேராத ஒரு பழைய சாம்பல் கோப்பை எடுத்தாள். மேலாளருக்காக அவள் கட்டிய வருத்தக் கடிதம் அதில் இருந்தது. பதினோரு ஆண்டு தட்டித் தட்டி நேராக்கிய வாசகம். ஓட்டை இல்லை, தப்பிக்க வழி இல்லை, எழுவாய் தெளிவாக இருந்தது. எழுவாய் தான் அல்லாதபோது எழுதியதாயிற்றே! அதைப் பக்கத்தில் வைத்து, மணி பதினொன்று ஐம்பதுக்கு, வேகமாகப் படியெடுத்தாள்:

“கீழே கையெழுத்திடும் நான், முழுமையாக அறியாமல், அறிந்துவிட்டதாக நம்பி, குற்றமற்றவர்மீது எழுத்து மூலம் குறை சுமத்தினேன். ஐயம் என் அரைகுறை அறிவிலிருந்து எழுந்தது. நேரில் காட்டப்பட்டதும் தெளிந்தது. தவறு என்னுடையது; வேறு எவருடையதும் அன்று. இதனால் துன்புற்றவரிடம் நிபந்தனையின்றி வருந்துகிறேன்...”

கையெழுத்திடும் இடத்தில் பழக்க தோஷத்தால் பென்சில் புள்ளி ஒன்று வைத்தாள். பிறகு அந்தப் புள்ளியின் மேலேயே கையெழுத்திட்டாள். வலிக்கும் என்று நினைத்தாள். ஊசிபோல் ஒரு குத்து, அவ்வளவுதான்.

நர்ஸ் வாசித்தார், நிமிர்ந்தார். “சூப்பரா இருக்கே மேடம். ரெடியா வெச்சிருந்த மாதிரி!”

“பதினோரு வருஷமா வெச்சிருந்தேன்.”

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. நகலெடுக்க நேரம் இல்லை. நகலக்காவின் கையிலிருந்து ஒரு தாள், நகல் இல்லாமல், இன்னொருவர் கைக்குப் போனது. ஆவணங்களின்படி, பதினோரு ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

மூன்று மணிக்குக் குழுவின் முடிவு வந்தது. தேதி திருப்பித் தரப்பட்டது. ஆணையின் அடியில் ஒரு குறிப்பு: “மனுதாரரின் கடிதத்தில் கடைசி வரியில் உள்ள ‘மேற்படி ஏணியையும் முறையாக ஒப்படைக்கிறேன்’ என்ற வாசகம் இம்மருத்துவமனைக்குப் பொருந்தாது.” அவசரத்தில் அந்த வரியையும் விடாமல் நகலக்கா அப்படியே படியெடுத்துவிட்டிருந்தாள்.

திரைக்காரி அந்தக் குறிப்பை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, நர்ஸ் சக்கர நாற்காலி கொண்டுவர வேண்டியதாயிற்று. “திட்டறத ரத்து பண்ணிட்டேன்டி” என்றாள், நாற்காலியில் போகும்போது. “இதுக்கு மேல உன்ன என்னத்தத் திட்டறது?”

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்முன் மூக்குக்கண்ணாடியையும் தலைமுடிப் பட்டையையும் நகலக்காவின் கையில் கொடுத்து, “வெச்சிரு. ரசீது கேட்ட, எழுந்து வந்து உதைப்பேன்” என்றாள். கேட்கவில்லை. ஏழு மணி நேரம் என்றது எட்டரை ஆயிற்று. காத்திருப்புக் கூடத்தில் கணவர் நடந்தார், உட்கார்ந்தார், மிதித்தார். நகலக்காவின் பையில் எழுதுவதற்குத் தாள் இருந்தது. எழுத ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிற்பகலில் எப்போதோ, கணவர் மிதிக்கும்போதெல்லாம் தன் காலும் சேர்ந்து மிதிப்பதைக் கண்டாள்.

மூன்றரைக்கு மருத்துவர் வெளியே வந்தார். “முடிஞ்சது. கால் விரல் பத்தும் அசையுது. நானே எண்ணுனேன்” என்றார். பிறகு நகலக்காவைப் பார்த்து, சற்று யோசித்து, “எழுதித் தரணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் டாக்டர்” என்றாள் நகலக்கா. கணவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மிதிக்க வேண்டிய கால் ஓய்ந்துபோயிருந்தது.

மாலையில் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றார்கள். கணவர் பார்த்துவிட்டு, தன் ஐந்தில் இரண்டை நகலக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். திரைக்காரி மல்லாந்து கிடந்தாள். உதடு உலர்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“நகலு... எந்தப் பக்கம்டி பண்ணாங்க?”

“முதுகுப் பக்கம்.”

“நல்லது” என்று சொல்லித் தூங்கிப்போனாள்.

தேறி எழ மூன்று மாதம் ஆயிற்று. குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது. கட்டிலில் புரண்டால் கட்டைபோல் மொத்தமாகப் புரள வேண்டும். அளந்து பார்த்ததில் நாலரைச் சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாள். கணவரைவிட அரை விரற்கடை கூடுதல். “பக்கத்து சீட்டுல உக்காந்தா தெரியாது” என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். வலப்பக்கம் கூட்டித் தைத்த பழைய சட்டைகள் எல்லாம் இப்போது கோணலாயின. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நேராகத் தைப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு.

அந்த ஆண்டும் மேலாளருக்கு நினைவூட்டல் போயிற்று, பன்னிரண்டாவது. இம்முறை அதனுடன், தேதி மேசையில் கேட்டு வாங்கிய தன் கடிதத்தின் நகல் ஒன்றை நகலக்கா இணைத்தாள். “மாதிரிக்காக. கையெழுத்திட எட்டு நிமிடம் ஆயிற்று, வேறு பக்க விளைவுகள் இல்லை” என்று ஓரத்தில் குறித்தாள். இதை எழுதும்வரை பதில் இல்லை.

ஓராண்டுக்கு ஏணி ஏறக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. திரைகள் காத்திருக்குமா? வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களா? ஆகவே விடுமுறை நாள்களில் நகலக்கா ஏறினாள். அலுமினிய ஏணி, எட்டுப் படி. முதல் நாள், ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து ஒருமுறை பார்த்தாள், பழைய வழக்கின் எதிர்த்தரப்பைப் பார்ப்பதுபோல்.

“முறைச்சது போதும், ஏறுடி” என்றாள் திரைக்காரி, கீழே நாற்காலியில் பனைமரம்போல் நிமிர்ந்து உட்கார்ந்து.

ஏறினாள். கம்பியைப் பிடித்துத் திரையைக் கோத்தாள். கீழேயிருந்து, நூலிழை சாய்வையும் மன்னிக்காத அந்தக் கண் அளந்தது.

“இடது பக்கம் கொஞ்சம் ஏத்து.”

நகலக்காவின் கை நின்றது. சன்னலைப் பார்த்தாள், தன் இரு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதிக் கேட்க வழி இல்லாததால், பழைய ஏணிக்குப் பிறகு முதல் தடவையாக ஓர் ஐயத்தை வாயால் கேட்டாள்.

“யாரோட இடதுடி?”

“நான் உனக்குப் பின்னாடிதானே உக்காந்திருக்கேன், லூசு. ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதான்.”

நகலக்கா இடப்பக்கத்தை ஏற்றினாள். திரை நேராக நின்றது.